கையிருப்பைக் கொடுத்து ஆஸ்பத்திரி பில்லை அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் இரண்டாவது குழந்தை இதயத்தின் இடது பக்கம் சரியாக வளராமல் பிறந்தாள். பிறந்த முதல் வாரத்திலேயே ஒரு அறுவை சிகிச்சை ஆயிற்று. இன்னும் இரண்டு இருக்கிறதாம். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். காப்பீடு கொடுத்தது போக பில்லில் ஒரு பகுதி பாக்கி நிற்கிறது. கையில் ஐந்து மாத வீட்டுச் செலவுக்கான பணம் உண்டு. பெரியவன் படிப்புக்காகச் சேர்த்துவரும் மியூச்சுவல் ஃபண்ட் தனியாக இருக்கிறது. வீட்டுக் கடனும் ஓடுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி வேலையை விடப்போகிறார். கையிருப்பைக் கொடுத்து பில்லை மொத்தமாக அடைத்துவிடலாமா? குழந்தைக்குப் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கலாமா?

பதில்: அடைக்க வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு முன்பே கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, பாக்கியைத் தவணையாகக் கட்ட எழுத்தில் கேளுங்கள். அப்போதே ஒவ்வொரு செலவும் தனித்தனியாகக் குறித்த பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருப்பது, திருப்பிக் கொடுத்த மருந்துக்கும் பணம் போட்டிருப்பது எல்லாம் நீண்ட பில்களில் நடக்கும். வட்டியில்லாத தவணை கிடைத்தால் அதைவிட மலிவான கடன் உங்களுக்கு எங்கும் கிடைக்காது. கையிருப்பை நான் காப்பாற்றச் சொல்வது, இனி வரும் மாதங்களுக்காக.

இந்தக் குறைபாட்டுக்கான இரண்டாவது அறுவை சிகிச்சை பொதுவாக நான்கு முதல் ஆறு மாத வயதில் நடக்கும். மூன்றாவது, இரண்டு வயதுக்கு மேல். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட காலம்தான் மருத்துவர்கள் அதிகம் பயப்படும் காலம். குழந்தை அப்போது வீட்டில் இருக்கும், ஆனால் வீடே ஒரு சின்ன வார்டு மாதிரி ஆகிவிடும். தினமும் எடை பார்க்க வேண்டும், ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை தொடங்கிய முறை இது. ஒரே நாளில் 30 கிராம் குறைந்தாலோ, மூன்று நாளில் 20 கிராம்கூட ஏறாவிட்டாலோ, ஆக்சிஜன் 75 சதவீதத்துக்குக் கீழே போனாலோ உடனே அழைக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். உங்கள் குழந்தைக்கு எந்த அளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், 20 கிராம் வித்தியாசம் காட்டாத எடைக் கருவியை வாங்கினால் அந்தக் காசு வீண். பெரியவர்கள் விரலில் மாட்டும் மலிவான ஆக்சிமீட்டரும் அப்படித்தான். பச்சிளம் குழந்தைக்குப் பாதத்தில் சுற்றி ஒட்டும் சென்சார் வேண்டும், அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் மருத்துவமனையில் கேளுங்கள். இந்தக் கருவிகளை இரவல் தருகிற மையங்கள் உண்டு. அப்புறம் மூக்கு வழிக் குழாய், சிரிஞ்சு, கலோரி கூட்டிய பால், சில நாட்களிலேயே காலாவதியாகிற திரவ மருந்துகள், நுரையீரல் தொற்றைத் தடுக்கும் ஊசி, திடீர் அட்மிஷன், ஒவ்வொரு பரிசோதனைக்கும் பயணச் செலவு. தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் செலவுகள்தான். ஆனால் இவற்றில் பலவற்றுக்குக் காப்பீடு வராது, எதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் முடியாது. உங்கள் ஐந்து மாதப் பணம் இதற்குத்தான். உடனே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கிலேயே அது இருக்கட்டும்.

இனி மனைவியின் வேலை. இதில்தான் உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான விவரம் இல்லை: இப்போது க்ளெய்ம் கொடுத்த பாலிசி யாருடையது? அது அவருடைய அலுவலகத்தின் குழுக் காப்பீடு என்றால், ராஜினாமா கடிதம் கொடுப்பது இரண்டாவது ஆபரேஷனுக்கான காப்பீட்டையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம். பிறவிக் குறைபாட்டைத் தனிநபர் பாலிசிகள் விலக்கிவைப்பதோ, நீண்ட காத்திருப்புக் காலம் போடுவதோ சகஜம். குழு பாலிசிகள் இதில் பெரும்பாலும் தாராளமானவை. அதனால் ராஜினாமா வேண்டாம், சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். விடுப்பில் பாலிசி தொடருமா, பிரீமியத்தை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தொற்று பயத்தால் இந்தக் குழந்தையை இப்போதைக்குக் காப்பகத்தில் விட முடியாது. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது உண்மைதான். அது கட்டாயம் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. யாருடைய பாலிசி நல்லதோ அவர் வேலையில் இருக்கட்டும் என்பேன். வீட்டில் இதைப் பேசுவது சுலபமில்லை, தெரியும்.

சரி, குழந்தைக்குப் புது பாலிசி? மேலே சொன்ன காரணத்தால், இப்போது எடுத்தால் இதயத்துக்கு உதவுவது சந்தேகம். அதைவிட அவசரம், இருக்கிற பாலிசியில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பது. அதற்குக் கெடு உண்டு. அது பிறந்த தேதியிலிருந்து ஓடும், டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து அல்ல. நீங்கள் ஐசியூ வாசலில் காத்திருந்த நாட்களும் அதில் கழிந்துவிட்டிருக்கும். இதை நாளைக்கே பாருங்கள். உங்கள் இருவர் பேரிலும் உள்ள டேர்ம் இன்சூரன்ஸை (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) மட்டும், எவ்வளவு நெருக்கடி வந்தாலும், பிரீமியம் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் எடுங்கள்.

வீட்டுக் கடன் விஷயத்தில், ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்த் தள்ளிவைக்கவோ கடன் காலத்தை நீட்டவோ கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் வேறு முகம் காட்டுவார்கள்.

பெரியவன் பணத்தைத் தொட மனசு வராது. ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கும் அந்த ஃபண்டுக்கும் இடையில் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், ஃபண்டை எடுங்கள். அவன் படிப்புக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. இப்போதே ஒன்று செய்யுங்கள்: இரண்டாவது அறுவை சிகிச்சையில் உங்கள் பங்கு எவ்வளவு வரும் என்று மருத்துவமனையிடம் மதிப்பீடு வாங்கி, கையிருப்பிலிருந்து அதற்கு எடுக்க முடியாது என்றால், அந்த அளவை மட்டும் ஃபண்டிலிருந்து வங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு மாற்றிவிடுங்கள். சில மாதங்களில் தேவைப்படும் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. மூன்றாவது ஆபரேஷனுக்கு இப்போது எதையும் ஒதுக்க வேண்டாம். இரண்டாவது முடிந்து இருவர் சம்பளமும் திரும்ப வரத் தொடங்கியதும் மாதாமாதம் சேர்க்கலாம், அதற்கு அவகாசம் இருக்கிறது.