பள்ளிக்கும் போகாமல் வேலைக்கும் போகாமல் இருக்கும் பிள்ளைகள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?

வேலை வெட்டியில்லாமல் தெருவில் சுற்றும் பையன்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. உடல்நலக் குறைவால் வீட்டோடு இருப்பவர்கள், வாத்தியார் அடிக்குப் பயந்து நின்றவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்தது என் கதைதான்.

எனக்குப் பதினோரு வயதில் தம்பி பிறந்தான். அம்மா வேலைக்குப் போயாக வேண்டும், நான் பள்ளியிலிருந்து நின்றேன். தொட்டில் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு காய் நறுக்குவேன். கால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விழித்துவிடுவான். அப்படி இருந்த ஒருநாள் கணக்கெடுக்க ஒருவர் வந்தார்.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போகுதா?"

"இல்லைங்க."

"வேலைக்கு?"

"அதெல்லாம் அனுப்புறதில்லை. சும்மாதான் இருக்கா," என்றார் அப்பா.

அவர் எழுதிக்கொண்டார். என் கால் ஆடிக்கொண்டிருந்தது.

பெற்றோரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுக்கு வேறு வழியில்லை. கணக்கெடுத்தவரும் கேள்வித்தாளில் இருந்ததைத்தான் கேட்டார். சொந்த வீட்டில் சமைப்பதும் பிள்ளை பார்ப்பதும் வேலைக் கணக்கில் வராது. 2013-இல் ஜெனிவாவில் கூடிய புள்ளியியலாளர் மாநாடுதான் அதையும் 'வேலை' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கூலிக்கோ லாபத்துக்கோ செய்தால்தான் இன்றும் 'வேலைவாய்ப்பு'. உலகில் 16 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் என்று 2020-க்குச் சொன்ன கணக்கிலும் வீட்டுவேலை மட்டும் செய்யும் பிள்ளைகள் இல்லை. அதையும் சேர்த்துப் பார்க்கும் தனி அளவுகோல் ஒன்று உண்டு. 5 முதல் 14 வயதுப் பிள்ளை வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ வீட்டுவேலை செய்தால் சேர்த்துக்கொள்வார்கள். நான் புதன்கிழமைக்குள் அதைத் தாண்டியிருப்பேன்.

அப்புறம், 26 வயதில் தனியாகப் படித்துப் பத்தாம் வகுப்பு தேறினேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். போன மாதம் வீட்டைப் பிரிக்கும் பேச்சு வந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "அக்காவுக்குப் பத்திரமெல்லாம் புரியாது, கையெழுத்து மட்டும் வாங்கிக்கலாம்" என்று போட்டான். அந்தப் பத்திரத்தில் என் பெயர் இரண்டு இடத்தில் தப்பாக இருந்தது. படித்துப் பார்த்துச் சொன்னது நான்தான்.