பழைய நகரின் நடுவே புது அரங்கு: லியோன் ஓபரா பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சுற்றிலும் பழைய கட்டடங்கள், பக்கவாட்டில் ஓர் அடிகூட நகர முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் முழு ஓபரா அரங்கை எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

பதில்: அகலத்தில் இடமில்லை என்றால் ஆழத்திலும் உயரத்திலும்தான் தேட வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் அதைத்தான் செய்தார். அங்கே இருந்தது 1831-இல் திறந்த அரங்கு. அதைப் புதுப்பிக்க 1986-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் நூவெல் வென்றார். 1993-இல் புது அரங்கு திறந்தது. நான்கு பக்க வெளிச்சுவர்களையும், பொன்வேலைப்பாடு மின்னும் பழைய வரவேற்புக் கூடத்தையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டார். தரைக்குக் கீழே ஐந்து தளங்கள் தோண்டி, மேலே அரை உருளையாக ஒரு கண்ணாடிக் கூரை போட்டார். மொத்தம் 18 தளங்கள். உள்ளே இடம் மூன்று மடங்கு ஆனது. நடனக் குழுவின் ஒத்திகைக் கூடம் அந்தக் கூரைக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: அவ்வளவு உயரம் எதற்கு? சுற்றியுள்ள கூரைகளை மீறி நிற்கிறதே.

பதில்: ஓபரா மேடைக்கு மேலே திரைகளையும் காட்சித் தட்டிகளையும் மொத்தமாகத் தூக்கி மறைக்க ஒரு கூடு வேண்டும். மேடை வாய், அதாவது பார்வையாளர் பக்கம் திறந்திருக்கும் பகுதி, 10 மீட்டர் உயரம் என்றால், கூட்டுக்கு 20 மீட்டருக்கு மேலேயே தேவைப்படும். பழைய ஊர்களில் பெரும்பாலும் தகராறு வருவது இதனால்தான். அந்தக் கூட்டைத் தனியாக விட்டால் ஊர் நடுவே ஜன்னலில்லாத பெட்டி முளைத்தது போல் நிற்கும். முழுக் கட்டடத்தையும் ஒரே வளைவுக்குள் அடக்கினால் கண்ணுக்குத் தெரிவது ஒரு கூரைதான். எனக்கு லியோனில் மிகவும் பிடித்த முடிவு இது.

கேள்வி: சுவரை மட்டும் காப்பாற்றுவது பாதுகாப்பா, முகமூடியா?

பதில்: பல ஊர்களில் முகமூடிதான், பின்னால் அலுவலகமோ கடையோ வந்துவிடும். இங்கே அரங்கு அரங்காகவே தொடர்வதால் நான் ஏற்கிறேன். இருந்தாலும் பழைய உள்ளரங்கு போனது இழப்புதான், அதை மறைக்கக் கூடாது.

கேள்வி: இடிந்துபோன அரங்கை அச்சாக அப்படியே திரும்பக் கட்டினால் என்ன?

பதில்: மால்டாவின் வலேட்டாவில் இதே கேள்வி எழுந்தது. 1866-இல் திறந்த ஓபரா அரங்கு, 1942-இல் குண்டுவீச்சில் தகர்ந்தது. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ இடிபாட்டை அப்படியே விட்டு, அதற்குள் திறந்தவெளி அரங்கு அமைத்தார். அது 2013-இல் திறந்தது. கூரை வேண்டும் என்று பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: மழையும் தெருச் சத்தமும் இசைக்கு ஆகாது. ஆனாலும் போரின் காயத்தைத் துடைத்துப் பழசு போல் ஒன்றை நிறுத்தியிருந்தால், அது எனக்குப் பொய்யாகவே பட்டிருக்கும்.

கேள்வி: டிக்கெட் வாங்காதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: லியோனில் முகப்புத் தூண்களுக்கு அடியில் நிழலும் வழவழப்பான தரையும் உண்டு. ஹிப் ஹாப் ஆடும் இளைஞர்கள் பல ஆண்டுகளாக அங்கே பயிற்சி செய்கிறார்கள். அங்கிருந்து கிளம்பிய குழுக்கள் பின்னர் பெரிய மேடைகளையும் எட்டின. அதனால் ஊர் நடுவில் அரங்கு வரைகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கதவுக்கு வெளியே, யாரும் விரட்டாத அப்படி ஒரு தரையை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.