காலில் தொடங்கும் ஜிபிஎஸ் நரம்பு நோய்: மூச்சில் கண் வையுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 41. இரண்டு வாரத்துக்கு முன் மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்து, தானாகச் சரியானது. திங்கட்கிழமை பாதம் மரத்துப்போனது. புதன்கிழமை செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார். இன்று மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் 'ஜிபிஎஸ்' என்று சொல்லி, உடனே அட்மிட் ஆகச் சொல்கிறார். உறவினர்களோ பக்கவாதம் என்று எண்ணெய் வைத்தியத்துக்குக் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: இன்றே சேர்த்துவிடுங்கள், அம்மா. மீதியை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படிக்கலாம்.

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை, அதுவும் திடீரென்று தாக்கும். இவருக்கு இரண்டு காலும் சேர்ந்தே, நாளுக்கு நாள், கீழிருந்து மேலே தளர்கின்றன. கில்லன் பாரே சிண்ட்ரோம் என்கிற ஜிபிஎஸ்ஸின் போக்கு இதுதான். 1916இல் இரண்டு பிரெஞ்சுப் படைவீரர்களிடம் இதைக் கண்டு எழுதியவர்கள் மூவர். மூன்றாமவரான ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் நோயின் பெயரில் விட்டுப்போயிற்று. ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற நோய்.

அந்த வயிற்றுப்போக்கை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கேம்பைலோபாக்டர் என்ற குடல் கிருமியின் மேற்பரப்பும் நம் நரம்பின் மேற்பரப்பும் ஒரே சாயல். கிருமியைத் தாக்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள், ஆள் மாறாட்டத்தில் நரம்பை அடிக்கிறது. 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு ஒரே சமயத்தில் இது வந்தபோது, சந்தேகம் முதலில் குடிநீர் மேல்தான் போனது.

நீங்கள் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை மூச்சு. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நேற்று முப்பது வரை போனவர் இன்று இருபதைத் தாண்டவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தலையணையிலிருந்து தலை தூக்க முடியாததும், தண்ணீர் குடித்தால் புரையேறுவதும் அதே எச்சரிக்கைதான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். மூச்சுத் தசை களைத்த பிறகுதான் அந்த எண் இறங்கும்.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள். முதல் வாரத்தில் அது நார்மலாக வந்தாலும் ஜிபிஎஸ் இல்லை என்று ஆகிவிடாது.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று, தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசி: கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். 60 கிலோ எடை என்றால் மொத்தம் 120 கிராம். செலவு லட்சங்களில் போகும். இன்னொன்று பிளாஸ்மா மாற்று, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து, வேறு திரவம் ஏற்றுவது. இரண்டுக்கும் பலன் ஒன்றே. ஆகவே விலை கூடியதுதான் உசத்தி என்று நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். எது உடனே கிடைக்கும், காப்பீட்டில் எது சேரும் என்று கேளுங்கள். ஸ்டீராய்டு இதற்கு உதவாது. எண்ணெய் வைத்தியத்துக்குப் போனால் மருந்து நன்றாக வேலை செய்யும் நாட்கள்தான் வீணாகும்.

மருந்து ஏறிய மறுநாளே எழுந்து நடப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். தளர்ச்சி நான்கு வாரம் வரைகூடக் கூடலாம். அப்புறம் அப்படியே நின்று, மெல்ல இறங்கும். ஆறு மாதத்தில் பத்தில் எட்டுப் பேர் தாங்களாகவே நடக்கிறார்கள். பாதத்துக்குப் போகிற நரம்புதான் நீளமானது, அது தேறத்தான் அதிக நாளாகும். அதுவரை குதிகாலில் வார் வைத்த செருப்பே போடட்டும்.