இரவிலும் ஆள் வேண்டியிருக்கிறது: அட்டெண்டன்ஸ் அலவன்ஸைக் கூட்டிக் கேட்பது எப்படி? (கேள்வி பதில்)

பிரிட்டனில் ஓய்வூதிய வயதைக் கடந்து, நோயாலோ இயலாமையாலோ பிறர் உதவி தேவைப்படுகிறவர்கள் அரசிடமிருந்து பெறும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு, முதியோரின் விண்ணப்பங்களுக்குத் துணைநிற்கும் ஒருவரின் பதில்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். தொகைகள் 2025-26க்கு உரியவை.

ஹரோ: அம்மாவுக்கு 81 வயது. மூட்டுவாதத்துக்காகக் குறைந்த வீதம் கிடைக்கிறது. இப்போது பார்க்கின்சன்ஸ் என்ற நடுக்க நோயும் சேர்ந்துவிட்டது. எப்படிக் கூட்டிக் கேட்பது?

இதில் இருப்பது இரண்டே வீதம்: வாரத்துக்கு 73.90 பவுண், அல்லது 110.40 பவுண். பகலிலோ இரவிலோ ஒன்றில் மட்டும் உதவி தேவைப்பட்டால் குறைந்தது, இரண்டிலும் தேவைப்பட்டால் உயர்ந்தது. நோயின் பெயருக்காகப் பணம் கூடுவதில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே பகலுக்குக் கிடைக்கிறது என்றால், இனி நீங்கள் காட்ட வேண்டியது இரவை.

இரவு என்பது வீட்டார் படுக்கப் போன பிறகு தொடங்குவது. அதற்குப் பின் இரண்டு தடவையாவது எழும்பி உதவ வேண்டும், அல்லது ஒரே தடவை என்றாலும் 20 நிமிடமளவு எடுக்க வேண்டும். மறதி நோய் போன்றவற்றில், ஆபத்து வராமல் இருக்க ஒருவர் நெடுநேரமோ அடிக்கடியோ விழித்திருந்து பார்ப்பதும் சேரும்.

“இரவில் மிகவும் கஷ்டப்படுகிறார்” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. ஒரு கொப்பியில் இப்படி எழுதுங்கள்: “செவ்வாய், 1.40. கட்டிலில் திரும்ப முடியாமல் கூப்பிட்டார். திருப்பிப் படுக்கவைத்து, தலையணை வைத்துவிட 15 நிமிடம். 4.10. கழிவறைக்குக் கூட்டிப்போய், நனைந்த உடுப்பை மாற்றி, மீண்டும் படுக்கவைக்க 25 நிமிடம்.” ஒரு வாரக் குறிப்பே பெரிய சான்று. மருந்துப் பட்டியலையும் பார்க்கின்சன்ஸ் தாதியின் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

கூடிய உதவி தேவைப்படத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆனதும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். தாமதித்தால் அந்த வாரங்களின் பணம் போகும். கூப்பிட்ட தேதியைக் குறித்து வையுங்கள். அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: கூட்டிக் கேட்டால் முழுக் கோப்பையும் திறந்து பார்ப்பார்கள். “பகல் விஷயம் அவர்களுக்குத் தெரியும்தானே” என்று விட்டுவிடாமல், பகல் உதவியையும் முதல் தடவை போலவே எழுதுங்கள்.

ஈஸ்ட் ஹாம்: அப்பா யார் கேட்டாலும் “எனக்கு ஒன்றுமில்லை, நானே செய்வேன்” என்கிறார்.

எங்கள் பெரியவர்கள் பலர் அப்படித்தான். அவரோடு வாதாடாமல் ஒரு நாள் கூட இருந்து பாருங்கள். சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம்? குளிக்கப் பயந்து எத்தனை நாள் தள்ளிப்போடுகிறார்? அதை எழுதுங்கள். உதவி கிடைக்கிறதா என்பதல்ல, தேவைப்படுகிறதா என்பதே கணக்கு. தனியே இருப்பவருக்கும் இது பொருந்தும்.

லெஸ்டர்: என் அயலவர் கூட்டிக் கேட்டு, இருந்ததும் நின்றுபோனது. ஏன் சனத்தைத் தூண்டிவிடுகிறீர்கள்?

அப்படி நடக்கும், மறுக்கவில்லை. அதனால்தான் எச்சரிக்கையை முதல் பதிலிலேயே சொன்னேன். இடுப்பு அறுவைக்குப் பிறகு பகலில் நன்றாக நடமாடும் ஒருவர் இரவுக்காகக் கேட்டால், பகலுக்குக் கிடைத்ததே ஆடிப்போகலாம். கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: இன்றைக்குப் புதிதாக விண்ணப்பித்தாலும் இப்போதுள்ள வீதம் கிடைக்குமா? நிச்சயம் கிடைக்கும் என்றால் பயப்படாமல் கேளுங்கள். சந்தேகம் என்றால் முதலில் ஆலோசனை தரும் அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஏஜ் யூகேயில் காட்டுங்கள்.

டூட்டிங்: லெஸ்டர்காரர் சொல்வது சரியில்லை. என் மாமிக்குக் கேட்டோம், கூடியது.

லெஸ்டர் (மீண்டும்): ஒருவருக்குக் கூடினால் எல்லாருக்கும் கூடுமா? 85 வயதில் தீர்ப்பாயம் என்று இழுபட வேண்டுமா?

இரண்டு பேரும் ஒவ்வொரு வீட்டை வைத்துப் பேசுகிறீர்கள். வித்தியாசம் வாரத்துக்கு 36.50 பவுண், வருடத்துக்கு 1,898 பவுண். இரவில் உதவிக்கு ஆள் வைக்கும் குடும்பத்துக்கு அது சின்னக் காசில்லை. முடிவு பிழை என்று பட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால், அந்தக் கடிதத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம் போகலாம். அது இந்தப் பணத்தைத் தரும் அரசுத் துறையான டிடபிள்யூபியின் கீழ் இயங்குவதில்லை. பிள்ளை பிரதிநிதியாகப் பேசலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பயத்தினால் உரிமையை விட்டுக்கொடுக்கும் முதியவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மில்டன் கீன்ஸ்: சேமிப்பில் 30,000 பவுண் இருக்கிறது. கேட்கலாமா?

கேட்கலாம். சேமிப்பு, வருமானம் எதையும் பார்ப்பதில்லை.

குரோய்டன்: சொந்த வீடு இருந்தால்?

மேலே உள்ளதே பதில்.

வெம்பிளி: அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், இன்றைக்கே கூப்பிடுங்கள். 12 மாதத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று வைத்தியர் கருதினால் அதைச் சொல்லும் எஸ்ஆர்1 படிவம் தருவார். உயர்ந்த வீதம் உடனே கிடைக்கும், ஆறு மாத விதி கிடையாது.

சரே: இரவில் எழும்பத் தொடங்கி இரண்டு மாதம்தான். இப்போதே கூடுமா?

ஆறு மாதம் என்று முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து அதைப் படியுங்கள். குறிப்பை மட்டும் இப்போதே தொடங்குங்கள்.

கிளாஸ்கோ: இங்கும் இதேதானா?

இல்லை. ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதில் பென்ஷன் ஏஜ் டிஸபிலிட்டி பேமென்ட். அதைத் தரும் சோஷியல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்தைக் கேளுங்கள்.

இல்போர்ட்: அம்மா ஆறு மாதம் யாழ்ப்பாணம் போகிறார்.

தற்காலிகப் பயணம் என்றால் 13 வாரம் வரை பணம் வரும், வைத்தியத்துக்கே போனால் 26 வாரம். புறப்பட முன் அறிவியுங்கள்.

ஹேய்ஸ்: அம்மாவுக்கு நான்தான் எல்லாம். பராமரிப்பவருக்குத் தரும் கேரர்ஸ் அலவன்ஸ் எனக்கும் கிடைக்குமா?

வாரம் 35 மணி நேரம் பார்த்தால் கேட்கலாம், அம்மாவுக்குக் குறைந்த வீதம் இருந்தாலே போதும். ஆனால் அம்மா தனியே இருந்து, வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டில் கடும் இயலாமைக்கான வாரம் 82.90 பவுண் பெறுகிறார் என்றால் கவனம். நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸாக வாரம் 83.30 பவுணை எடுக்கத் தொடங்கினால் அவருக்கு அது நிற்கும். முதலில் இரண்டு வீட்டுக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

சவுத்தோல்: மாமா வைத்தியசாலையில் இருக்கிறார். இப்போதே கூட்டிக் கேட்கவா?

28 நாளுக்கு மேல் அங்கிருந்தால் உள்ளதும் இடைநிறுத்தப்படும். அனுமதித்த தேதியை உடனே சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் தேதி தெரிந்ததும் திரும்பவும் கூப்பிட்டு, வந்தபின் என்ன உதவி வேண்டியிருக்கிறது என்பதை எழுதிக் கேளுங்கள். வெளியேறும்போது தரும் கடிதத்தின் நகல் ஒன்றைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள்.