இரவு டூட்டியில் டாக்டரைக் கூப்பிடத் தயங்கும் செவிலியர்

வணக்கம். 120 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மாதாமாதம் சிறந்த செவிலியர் விருது தருகிறோம், ஆளுமைப் பயிற்சியும் நடத்தினோம். ஆனாலும் நோயாளி மோசமாகும்போது இரவில் டாக்டரைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். தன்னம்பிக்கையை எப்படி வளர்ப்பது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பு கூப்பிட்டபோது என்ன நடந்தது என்று அவர்களிடம் விசாரியுங்கள். "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?" என்று ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவர், அடுத்த தடவை விடியட்டும் என்றுதான் இருப்பார். எந்த வகுப்பும் அதை மாற்றாது.

பிரிட்டனில் 2012இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட 'நியூஸ்' (NEWS) மதிப்பெண் முறையை முதலில் கொண்டுவாருங்கள். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் முறை இது; மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம். மூச்சு நிமிடத்துக்கு 24 என்றால் 2, நாடி 115க்கு 2, மேல் ரத்த அழுத்தம் 98க்கு 2, காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸுக்கு 1. ஆக்சிஜனும் சுயநினைவும் சரியாக இருந்தாலும் மொத்தம் 7 ஆகிவிட்டது. 5 வந்தாலே டாக்டர் உடனே பார்க்க வேண்டும், 7 அவசரநிலை. "பேஷண்ட் என்னமோ மாதிரி இருக்காரு சார்" என்று இழுக்க வேண்டாம். "ஸ்கோர் 7, வாங்க சார்" போதும்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் மூச்சை எண்ணுவதில்தான். எண்ணாமலே எல்லாருக்கும் 20 என்று எழுதிவிடுவார்கள். சோம்பல் என்று திட்டுவதற்கு முன் ஒருவர் கையில் எத்தனை நோயாளிகள் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1999இல் போட்ட சட்டத்தின்படி பொது வார்டில் ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் 5 பேர். 15 பேரைப் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம் எண்ணுவது நடக்காது.

ரோசபெத் மாஸ் கான்டர் என்ற சமூகவியலாளர் 1977லேயே சொன்னார்: வேலையில் ஒருவருக்குப் பலம் தருவது தகவல், ஆதரவு, வளங்கள், முன்னேறும் வாய்ப்பு. கனடாவில் ஹெதர் லாஷிங்கர் என்ற செவிலியர் துறை ஆய்வாளர் இதைச் செவிலியர்களிடம் வைத்து நெடுங்காலம் ஆராய்ந்தார். உங்கள் வார்டில் குறைவது ஆதரவு என்றே நினைக்கிறேன்.

டூட்டி டாக்டர் 15 நிமிடத்தில் வராவிட்டால் சிஸ்டரே மூத்த டாக்டரான கன்சல்டன்டைக் கூப்பிடலாம் என்று மருத்துவ இயக்குநரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கி, நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். வாய்வார்த்தை இரவு இரண்டு மணிக்கு நிற்காது. அப்படிக் கூப்பிட்டதற்கு யாராவது சத்தம் போட்டால், மறுநாள் காலையில் அவரிடம் பேச வேண்டியது நீங்கள். சிஸ்டரை அனுப்பாதீர்கள்.