அலாய் வீல் கழுவுவது எப்படி? கேள்வி பதில்

கார், பைக் அலாய் வீல்களைச் சுத்தம் செய்வது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: புதுக் கார். முன் சக்கரங்கள் மட்டும் ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடுகின்றன. ஷாம்பு போட்டுக் கழுவினாலும் பழுப்புப் புள்ளிகள் போகவில்லை. இப்போதே துருவா?

துருதான், ஆனால் உங்கள் சக்கரத்தினுடையது அல்ல. பிரேக் பிடிக்கும்போது வார்ப்பிரும்பு டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் உரசித் தூளாகின்றன. சூடாகப் பறக்கும் அந்தத் தூள் சக்கரத்தின் மேல்பூச்சில் ஒட்டி, ஈரம் பட்டதும் துருவாக மாறுகிறது. முன் பிரேக்குக்கு வேலை அதிகம். பின்னால் டிரம் பிரேக் உள்ள கார்களில் தூள் பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடும்.

தேய்க்காதீர்கள். தேய்த்தால் அந்த இரும்புத் துகளே பூச்சைக் கீறும். ‘அயர்ன் ரிமூவர்’ என்று விற்பதை வாங்குங்கள். ‘பிஎச் நியூட்ரல்’ (அமிலமும் அல்ல, காரமும் அல்ல) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக ஒழுகும். நாற்றம் குடலைப் பிரட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் ஆறியிருக்க வேண்டும், நிழலில் நிற்க வேண்டும். மருந்து காய்வதற்குள் கழுவிவிட வேண்டும் என்பதால் ஒவ்வொரு சக்கரமாகச் செய்யுங்கள்.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் கடையில் ஏதோ ஆசிட் தெளித்தார்கள். ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆனது. மறு வாரம் வெள்ளை வெள்ளையாக மங்கிக் கிடக்கிறது. சரிசெய்ய முடியுமா?

அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம். பிஎச் (அமிலம் கூடினால் இறங்கும், காரம் கூடினால் ஏறும் அளவு) சுமார் 4-க்குக் கீழே போனாலும், 8.5-க்கு மேலே ஏறினாலும் அது கரையத் தொடங்கும். ஆகவே ஆசிட் மட்டும் எதிரி அல்ல. காஸ்டிக் சோடா கலந்த கிளீனரும் அதே கேட்டைச் செய்யும். கிளியர் கோட் (வீலின் மேல் அடித்திருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு) முழுதாக இருக்கும்வரை ஓரளவு தாங்கும். கல் பட்டுத் தெறித்த ஒரு சிறு பொத்தல் போதும், மருந்து உள்ளே இறங்கிவிடும்.

மங்கல் பூச்சின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் மென்மையான பாலிஷில் போகும். அடியில் உள்ள உலோகமே வெளுத்திருந்தால், பூச்சை உரித்துப் புதிதாக அடிப்பதைத் தவிர வழியில்லை. இன்னொன்று: சில வீல் ஆசிட்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதைத் தரும் உப்போ இருக்கும். தோல் வழியாக இறங்கி எலும்புவரை பாதிக்கக்கூடியது அது. வெறும் கையோடு அதைத் தெளிக்கும் பையனை நினைத்தால்தான் எனக்குக் கவலை. உங்கள் சக்கரம் பிறகுதான்.

கேள்வி: புளியும் சாம்பலும் போட்டால் பித்தளை பளபளக்கிறதே, வீலுக்கும் ஆகாதா?

ஆகாது. புளி அமிலம், சாம்பல் காரம், இரண்டும் சேர்ந்து தேய்ப்புப் பொடி வேறு. குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்பு நாரும் கூடாது.

கேள்வி: என் வீலில் கிளியர் கோட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எதை வாங்குவதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நீங்கள் கழுவுவது பெரும்பாலும் அலுமினியத்தை அல்ல, அதன் மேலுள்ள பூச்சைத்தான். கண்ணில் படாத ஒரு மூலையில், வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். துணி கறுத்தால் வெற்று உலோகம். கறுக்காவிட்டால் பூச்சு இருக்கிறது. சோதிக்கும் இடத்தை முதலில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிரேக் தூளே துணியைக் கறுப்பாக்கி ஏமாற்றிவிடும். வெற்று உலோகத்துக்கு மட்டுமே மெட்டல் பாலிஷ். பூச்சுள்ள வீலில் அதைத் தொடர்ந்து போட்டால் காசு கொடுத்துக் கிளியர் கோட்டைத் தேய்த்து எடுக்கிறீர்கள்.

கேள்வி: தூத்துக்குடியில், கடலுக்கு அருகில் வீடு. விளிம்பிலிருந்து பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததைப் போல வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன.

உப்புக் காற்றின் வேலை. நடைபாதை விளிம்பில் உரசிய இடம், கல் தெறித்த இடம், பேலன்சிங் எடை மாட்டிய இடம் என்று எங்கே பூச்சு உடைந்ததோ, அங்கே உப்பும் ஈரமும் நுழைந்து அடியிலேயே அரித்துக்கொண்டு போகும். முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய ‘டைமண்ட் கட்’ வீல்களில் இது அதிகம். கழுவிப் போகாது, அந்த இடத்தைச் சுரண்டி, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். புதுக் கீறல்களை உடனே டச்-அப் செய்யுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உட்புறத்தையும் சேர்த்து அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காயவிடாமல் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: பைக்கின் பின் சக்கரத்தில் செயின் ஆயில் தெறித்துக் கறுப்பாகப் படிந்திருக்கிறது. டீசல் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். டயர் ரப்பரை ஊதவைக்கும். டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, படிந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே ஷாம்பு தண்ணீரில் கழுவுங்கள். சாலைத் தாருக்கும் இதுவே.

கேள்வி: பாடியைக் கழுவிய பிறகு வீலா, வீலுக்குப் பிறகு பாடியா?

வீல் முதலில். அதற்கென்று தனி வாளி, தனி துணி. அதே துணி கதவுப் பக்கம் போனால் பிரேக் தூள் பெயின்ட்டில் கோடு போடும். முடிந்ததும் ஈரத்தோடு நிறுத்திவிடாமல், தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவையுங்கள்.