டான் செர்ரியின் தனிவழி இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டான் செர்ரி பற்றிய கேள்விகளுக்கு, மதுரையில் நெடுங்காலம் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர் பதில் எழுதுகிறார்.

செல்லூரிலிருந்து: ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் நால்வர் குழுவை விட்டு வந்தபின் டான் செர்ரி பதிவு செய்தவற்றில் மிக விநோதமானது எது, ஐயா?

‘மூ’ என்பேன். 1969 ஆகஸ்டில் பாரிஸில் பதிவாகி இரண்டு தட்டுகளாக வந்த அந்த இசையில் செர்ரியையும் டிரம்ஸ் வாசித்த எட் பிளாக்வெல்லையும் தவிர வேறு வாத்தியக்காரர் எவரும் இல்லை. செர்ரி டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டுப் புல்லாங்குழலை எடுக்கிறார், பியானோவில் அமர்கிறார், பாடுகிறார், மணிகளை ஆட்டுகிறார். பிளாக்வெல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர் என்பதால் அவர் கையில் அந்த ஊர் ஊர்வலங்களின் நடை இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பில் நடந்துகொண்டே ஊதிய எங்களுக்கு அது காதைவிடக் காலுக்கே முதலில் புரியும். அதற்கு முந்தைய ஆண்டு பெர்லினில் பதிவான ‘எடர்னல் ரிதம்’ தட்டில் இந்தோனேசியாவின் கேமலான் உலோக வாத்தியங்கள் ஒலிக்கின்றன.

திருமங்கலத்திலிருந்து: அவர் வைத்திருந்த பாக்கெட் டிரம்பெட் பொம்மைதானே?

இல்லை. சாதாரண டிரம்பெட்டில் உள்ள சுமார் நான்கரை அடிக் குழாயேதான் அதிலும் இருக்கிறது. நெருக்கிச் சுற்றியிருப்பதால் சிறியதாகத் தெரிகிறது, சுருதி மாறாது. சிறிய வாத்தியம்தானே என்று மவுத்பீஸை உதட்டில் அழுத்தி ஊதாதீர்கள், உதடு போய்விடும்.

மேலூரிலிருந்து: எந்தத் தட்டிலிருந்து தொடங்கலாம்?

1975இல் பதிவான ‘பிரவுன் ரைஸ்’ தட்டிலிருந்து.

உசிலம்பட்டியிலிருந்து: முதலில் எதைக் கேட்பது?

மேலூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு நாகஸ்வரக் கலைஞர்: அதே தட்டில் ‘மால்கௌன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அது நம் ஹிந்தோளம் அல்லவா? ஸ்வரத்தை அசைத்து இழுக்கும் கமகமே இல்லாமல் ஊதுவதை ராகம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

ஸ்வரங்கள் ஹிந்தோளத்தின் ஸ்வரங்கள்தான்: ரிஷபமும் பஞ்சமமும் கிடையாது. ஆனால் செர்ரி கச்சேரி செய்ய முன்வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் மனைவி மோக்கி மீட்டும் தம்பூராவின் மேல் சார்லி ஹேடன் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் பல நிமிடங்கள் தனியே உலவுகிறார்; டிரம்பெட் அதுவரை வாய் திறப்பதில்லை. தன் பெயரில் வரும் தட்டில் அவ்வளவு நேரம் காத்திருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவரே மீண்டும்: காத்திருந்தால் கமகம் வந்துவிடுமா? வால்வு வாத்தியத்தில் அது வராது.

முழுவதும் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறவே வராது என்பதை ஏற்க மாட்டேன். சோழவந்தானில் ஒரு கல்யாணத்தில், ஹிந்தோளம் வாசித்து முடித்த நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் எங்கள் செட் தொடங்க வேண்டியிருந்தது. இரண்டாவது வால்வைப் பாதி மட்டும் அழுத்தி, உதட்டைத் தளர்த்தி, மத்தியமத்திலிருந்து தைவதத்துக்கு இழுத்துச் சென்றேன். நாகஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டா கண்டனமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செர்ரி அந்த அளவுக்குக்கூட இழுப்பதில்லை, உண்மைதான்; ராகத்தை விளக்குவதை விட்டுவிட்டு அதன் சுருதிக்குள் நின்று கூப்பிடுகிறார். அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் உங்களோடு சண்டையிட மாட்டேன்.

தெப்பக்குளத்திலிருந்து: சிதார், தபலாவோடு அவர் வாசித்தது உண்டா?

உண்டு. காலின் வால்காட், பிரேசிலின் தாள வாத்தியக்காரர் நானா வாஸ்கொன்செலோஸ் ஆகியோருடன் சேர்ந்த ‘கொடோனா’ மூவர் குழுவில் வால்காட் இரண்டையும் வாசித்தார். மூவர் பெயர்களின் முதல் அசைகளே குழுவின் பெயர். 1979, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் மூன்று தட்டுகள் வந்தன. முதல் தட்டை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: ஐயா, எதில் தொடங்குவது?

மேலூர், மேலூர்! உதட்டில் அழுத்தாதீர்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.